ஜெனரேட்டர் இருந்த இடத்தில் பூசணிக்காய்

நவம்பர் 9, சனி

இந்த நோட்டு ஜெனரேட்டருக்கு என்று என் தம்பி இனோக்கே கொடுத்தது. எந்தத் தேதியில் எண்ணெய் மாற்றினேன், எத்தனை மணி நேரம் ஓடியது, அதை மட்டும் எழுது என்றான். ராணுவத்தில் என்ஜின் பிரித்துப் பூட்டுகிறவன், அப்படித்தான் சொல்வான். மூன்று பக்கம் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். நான்காவது பக்கத்தில் இன்று திட்டப் போகிறேன்.

வேறு எங்கே போய்த் திட்டுவது? வாயைத் திறந்து திட்ட எனக்கு உரிமை இல்லையாம்.

பாய்களைக் கடலில் அலசிக்கொண்டு வருகிறேன், சீமைப்பலா மரத்தடியில் மேடை காலி. ஜெனரேட்டர் இருந்த இடத்தில் ஒரு பூசணிக்காய். அதன் தலையில் என் பழைய தொப்பி வேறு. உள்ளே என் வீட்டுக்காரர் அபோரோசா சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். சிரித்தால் மூச்சு வாங்கும் என்று தெரியும், ஆனாலும் சிரிப்பு.

"நெமானி வந்தான். சர்ச்சுல ரம்பம் ஓட்டணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவன் கேட்டாத்தானே நான் சொல்றதுக்கு?"

கேட்க மாட்டான். ஏனென்றால் புதுச் சர்ச் கட்டுகிற இந்தத் தச்சன் எங்களுக்குத் தௌவு! அவன் ஊர் நாகலேவுக்கும் எங்கள் வைதோகாவுக்கும் ஆதியில் குலசாமி ஒன்று. அதனால் அவன் எங்கள் வீட்டில் எதையும் கேட்காமல் எடுக்கலாம், நாங்களும் அவனுடையதை எடுக்கலாம். வாய்க்கு வந்தபடி கேலி பேசலாம். கோபப்படத்தான் கூடாது. கோபப்பட்டவர் ஊர் நடுவில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கல்யாணம் கட்டி வந்த பாவத்துக்கு இந்தச் சட்டம் எனக்கும். நான் பிறந்த ஊரில் இதற்குத் திருட்டு என்று பெயர்.

ஊர் ஜெனரேட்டர் சாயங்காலம் மூன்று மணி நேரம் ஓடும். மற்ற நேரமெல்லாம் இவர் மூக்குக்குழாய்க்குக் காற்று தருகிற ஆக்சிஜன் மெஷினை ஓட்டுவது இந்தச் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்தான். சின்ன வயதில் காசநோய், அப்புறம் முப்பது வருடம் புகையிலை. நுரையீரலில் பாதி போய்விட்டது, ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஆக்சிஜன் வேண்டும் என்று தலைநகர் சுவா ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அது ஓடினால்தான் இவர் மூச்சு ஓடும். அதைத் தூக்கிப் போய் மரம் அறுக்கிறான் ஒருத்தன். இவர் சிரிக்கிறார். நான் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

நாசமாய்ப் போக.

நவம்பர் 10, ஞாயிறு

நேற்று சாயங்காலமே கொண்டுவந்து வைத்துவிட்டான். இன்று காலையில் இழுத்தால் வெள்ளை வெள்ளையாகப் புகை. இருமுகிறது, நிற்கிறது. மூடியைத் திறந்து மோந்தேன். படகுப் பெட்ரோல்! படகு என்ஜினுக்கு எண்ணெய் கலந்து வைத்திருக்கிறதை அப்படியே இதில் ஊற்றியிருக்கிறான். இதற்கு எண்ணெய் தனி, பெட்ரோல் தனி என்று நூறு தடவை சொல்லியாயிற்று.

தொட்டியைக் காலி செய்தேன். ப்ளக்கைக் கழற்றினேன், கரி. சிரட்டைத் துண்டால் சுரண்டி, துணியால் துடைத்து, திரும்ப முடுக்கி, புதுப் பெட்ரோல் ஊற்றி, பதினாறாவது இழுப்பில் பிடித்தது. அதுவரை இவர் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் குவித்து, சின்னச் சின்னதாக மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு கருநீலம்.

சர்ச்சுக்கு எண்ணெய்க் கையோடு போனேன். நெமானி முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும் விட சத்தமாகப் பாடினான். வெளியே வந்ததும், "என்ன அண்ணி, செண்ட் புதுசா? பெட்ரோல் வாசம் தூக்குது" என்றான். ஊரே சிரித்தது.

நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டும்.

நவம்பர் 23, சனி

சங்கிலி போட்டுப் பூட்டினேன். இரும்புச் சங்கிலி, படகு கட்டுவது. ஒரு நுனி மரத்தில், ஒரு நுனி ஜெனரேட்டரில்.

மத்தியானம் வந்து பார்த்தால் சங்கிலி இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. சங்கிலியின் நுனியில் ஒரு பன்றி கட்டியிருக்கிறது.

மூன்று நாளைக்கு இந்த ஊருக்கு வேறு பேச்சு இருக்காது. பக்கத்து வீட்டு செரு வந்து, "உனைசி, உன் ஜெனரேட்டர் குட்டி போடுமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அபோரோசாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் பிடித்து, முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. தடவிக்கொண்டே கேட்டேன்.

"உங்க மூச்ச எடுத்துட்டுப் போறான். உங்களுக்குக் கோவமே வராதா?"

"நான் நல்லா இருந்தப்ப அவன் படக எடுத்துட்டுப் போய் ஒரு மாசம் கழிச்சுத் திருப்பி விட்டேன். ப்ரொப்பெல்லர் இல்லாம. அவன் பாட்டுக்குத் துடுப்பு போட்டுட்டுப் போனான், ஒரு வார்த்தை பேசல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்ப என்கிட்ட எடுக்கறதுக்கு வேற என்ன இருக்கு? அவனும் எடுக்கலன்னா நான் செத்தவன் கணக்குதான், உனைசி."

எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது.

டிசம்பர் 2

நெமானி ஜெனரேட்டரைப் படகில் சாய்த்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான். எண்ணெய் பாதி வெளியே. நல்லவேளை, எண்ணெய் குறைந்தால் தானே நின்றுவிடும் ஜெனரேட்டர் இது. இல்லையென்றால் இன்று என்ஜின் இறுகியிருக்கும்.

மேடையும் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. சரிவில் வைத்துப் பார்த்தால் எண்ணெய் அளவு காட்டும் குச்சி பொய் சொல்லும் என்று இனோக்கே சொன்னது ஞாபகம் வந்தது. தட்டைக்கல் இரண்டு தேடி வந்து மேடையைச் சமமாக்கினேன். இப்போது குச்சி சரியாகக் காட்டுகிறது.

டிசம்பர் 5, வியாழன்

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

காலையிலிருந்து மழை. மத்தியானம் ஜெனரேட்டரைத் திருப்பி வாங்கி வரலாம் என்று நானே சர்ச்சுக்குப் போனேன். புதுச் சர்ச். சிமெண்டுச் சுவர், கண்ணாடி ஜன்னல், நெமானி மூன்று மாதமாகச் செதுக்குகிற முன்கதவு. கதவு அழகுதான், ஆமையும் பாய்மரமுமாக. அதை ஒத்துக்கொள்கிறேன்.

போதகர் அறைக்குள் ஜெனரேட்டர் ஓடுகிறது. மழைச்சாரல் அடிக்கிறதென்று ஜன்னல் கதவெல்லாம் சாத்தியிருக்கிறது. உள்ளே நெமானியும் இரண்டு ஆட்களும் தரையில் சரிந்து கிடக்கிறார்கள். ஒருவன் மூலையில் வாந்தி எடுத்திருக்கிறான்.

"நேத்து யங்கோனா ஜாஸ்தி போலிருக்கு அண்ணி, தல கிண்ணுங்குது" என்கிறான் நெமானி.

இந்த ஊரில் ஒருத்தன் கண் செருகி, வாய் குழறி, சுவரில் சாய்ந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். யங்கோனா, வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்த மயக்கப் பானம். முந்தின ராத்திரி எத்தனை சிரட்டை குடித்தானோ என்று விட்டுவிடுவார்கள். நானும் விட்டிருப்பேன். ஆனால் நேற்று சர்ச் வேலை முடிய வேண்டும் என்று ஊரே விரதம். ஒருத்தரும் யங்கோனாவைத் தொடவில்லை.

"எங்கடா குடிச்சே நேத்து?"

யோசித்தான். யோசிக்கக்கூட முடியவில்லை அவனுக்கு. "போன சனிக்கிழமை" என்றான்.

ஜெனரேட்டரை அணைத்து, ஜன்னலைத் தள்ளித் திறந்து, மூன்று பேரையும் மழையில் இழுத்துப் போட்டேன். அரைமணி நேரத்தில் தெளிந்தார்கள்.

இனோக்கேக்குப் போன் செய்தேன். கேட்டதும் கத்தினான். "அக்கா! அந்தப் புகையில ஒரு விஷக்காத்து இருக்கு, வாசம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாது. தூக்கம் வர்ற மாதிரி வந்து ஆளக் கொண்டுபோயிடும். வீட்டுக்குள்ள வேண்டாம், தாழ்வாரத்துல வேண்டாம், ஜன்னல் பக்கம் வேண்டாம். இருபது அடி தள்ளி வை, சைலன்சர் வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பாக்கணும்."

நெமானியிடம் சொன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "எங்க அம்மா குடிசைக்குள்ள விறகு அடுப்பு வச்சு எட்டுப் பிள்ளய வளத்தா. புகையில நாங்க சாகல அண்ணி." நாணல் சுவர், ஓலைக்கூரை, நூறு ஓட்டை வழியாகப் புகை போகிற வீடு அது. நீ கட்டியது சிமெண்டுப் பெட்டிடா, மடையா! அதை எப்படிச் சொல்வது? அவனோ அதற்குள் அடுத்தவனிடம் திரும்பி, "இனிமே யங்கோனா செலவு மிச்சம், ஜெனரேட்டர மோந்தாப் போதும்" என்கிறான்.

தௌவு என்றால் கோபப்படக் கூடாது. செத்தாலும் கூடாதா?

டிசம்பர் 14

ஓடிக்கொண்டிருக்கிற ஜெனரேட்டரில், சூட்டோடு சூடாக, வாயில் சுருட்டு புகைய, பெட்ரோல் ஊற்றுகிறான். இவன் கடவுளுக்கு வீடு கட்டுகிறான், கடவுள் இவனைக் காப்பாற்றுகிறார். வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 25

அபோரோசா இன்று ஒரு முழுச் சேம்பு சாப்பிட்டார். நெமானி குழியடுப்பில் வெந்த பன்றி கொண்டுவந்தான். எங்கள் பன்றிதான். நான் ஒன்றும் எழுதவில்லை இன்றைக்கு.

ஜனவரி 20, திங்கள்

ரேடியோ காலையிலிருந்து புயல் புயல் என்கிறது. புதன்கிழமை முற்பகல் எங்கள் தீவைத் தொடுமாம். சனிக்கிழமையோடு படகுகள் நின்றுவிட்டன. இவரைச் சுவாவுக்குக் கொண்டுபோக வழியில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் படகுப் பயணத்துக்கென்று கொடுத்த குட்டி ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று இருக்கிறது. முழுசாகத் திறந்தால் இரண்டு மணி நேரம், குறைத்து வைத்தால் மூன்று, மூன்றரை. புயல் ஆறு மணி நேரம் அடிக்கும் என்கிறார்கள். இந்தக் கணக்கை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் அதேதான் வருகிறது.

இனோக்கேயிடம் கேட்டேன். "புயல் அடிக்கும்போது ஓட்டாதே. மழையில ஓட்டாதே. உள்ள வச்சு ஓட்டாதே."

"அப்ப எப்படா ஓட்டறது, என் தலையில வச்சா?"

"புயல் ஓய்ஞ்சதும் வெளிய வச்சு, மேல கூரை மாதிரி ஏதாவது போட்டு ஓட்டு. நாலு பக்கமும் திறந்திருக்கணும். அதுவரைக்கும் சிலிண்டர்தான் அக்கா."

எண்ணெய் மாற்றினேன். காற்று வடிகட்டியைச் சோப்பு போட்டு அலசிக் காயவைத்தேன். பழைய பெட்ரோலை வடித்துப் புதுசு ஊற்றினேன், கழுத்து வரை ஊற்றவில்லை, சூட்டில் பொங்கும். மீதிப் பெட்ரோலைத் தனியே இறுக மூடி, வீட்டை விட்டுத் தள்ளிக் கல்லுக்குள் வைத்தேன். வயரை விரல் விரலாகத் தடவிப் பார்த்தேன், ஓர் இடத்தில் எலி கடித்திருந்தது. அதை வெட்டிப் போட்டு இருப்பதில் நல்லதை எடுத்துக்கொண்டேன். ஒருமுறை ஓட்டிப் பார்த்து அணைத்தேன். நாளை இதைச் சர்ச்சில் போதகர் அறையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், பறந்துவரும் தகரத்துக்குத் தப்ப. நெமானியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னேன்.

"வைக்கத்தான். ஓட்ட இல்ல."

"சரிங்க அதிகாரி" என்று சல்யூட் அடித்தான்.

ஜனவரி 23, வியாழன்

நேற்று நடந்தது.

ஊரே சர்ச்சுக்குள். நூற்றுப் பத்துப் பேர். ஜன்னலுக்கெல்லாம் நெமானி ஒட்டுப்பலகை அடித்திருந்தான். "எங்கிட்ட கேக்காம காத்துகூட உள்ள வராது" என்று பெருமை அடித்தான். அபோரோசாவுக்குச் சுவரோரம் பாய், முதுகுக்குத் தலையணை, சிலிண்டர், பக்கத்தில் அணைந்து கிடக்கிற ஆக்சிஜன் மெஷின். பத்து மணிக்குக் காற்று ஆரம்பித்தது. பேசினால் காதில் விழாது, அப்படி ஒரு சத்தம். சிலிண்டர் முள்ளை நான் பார்க்கிறேன், இவர் என்னைப் பார்க்கிறார்.

பன்னிரண்டு மணிக்கு முள் பாதிக்கும் கீழே. நான் பாய் விரிப்பின் மறுபக்கம் போய்ச் செருவின் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன், இவர் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. பச்சை விளக்கு எரிகிறது. மூக்கில் மெஷினின் குழாய். இவர் முகத்தில் ரத்தம் திரும்பியிருக்கிறது.

இதை எழுதத்தான் வேண்டும்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கிருந்து கரண்ட் என்று நான் கேட்கவில்லை. பத்து நிமிடம், ஒருவேளை கால் மணி நேரம், அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடவுளே, இப்படியே இருக்கட்டும் என்றிருந்தேன்.

அப்புறம் செருவின் மூத்தவள் வந்து, "சின்னம்மா, தல வலிக்குது" என்றாள். அவள் படுத்திருந்தது போதகர் அறைக் கதவோரம். அங்கே படுத்திருந்த மற்ற பிள்ளைகள் எல்லாம் அந்தச் சத்தத்திலும் தூங்குகிறார்கள். வயர் அந்தக் கதவின் அடியில் போகிறது.

ஓடினேன். கதவைத் திறந்தால் நெமானி ஜெனரேட்டர் பக்கத்தில் குந்தியிருக்கிறான், கண் செருக.

அணைத்தேன். என்ன சொன்னேன் என்று முழுசாக ஞாபகம் இல்லை. போதகர் இருக்கிறார், ஊர்த்தலைவர் இருக்கிறார், சர்ச்சின் நடுவில் நின்றுகொண்டு அவனையும் அவன் ஊரையும் அவனைப் பெற்றவளையும்... "உன் கேலிக்கு நூறு உசிரு வேணுமாடா? பிள்ளைங்களக் கொல்லப் பாத்தியே, பாவி! இன்னொரு தடவ அந்தக் கயித்தத் தொட்டே, கைய வெட்டுவேன்!" கேலி இல்லை. நிஜக் கோபம், ஊரறிய, தௌவுவிடம்.

ஊர்த்தலைவர், "உனைசி, வார்த்த தப்பு" என்றார். யாரோ ஒரு கிழவர், "அந்தப் பையன் உன் புருஷனுக்காகத்தானே ஓட்டினான்? அணைச்சா அபோரோசா போயிடுவான். பிடிவாதத்துல புருஷனக் கொல்லாதே" என்றார்.

நெமானி எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "முள்ளு இறங்கிட்டிருந்துச்சு அண்ணி. என்னால பாத்துட்டு இருக்க முடியல."

அதுதான். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. பாசத்தில் செய்தான். அவனைத் திட்டக்கூட முழுசாக விடவில்லை அவன்.

அபோரோசாவைப் பார்த்தேன். மெஷின் நின்றுவிட்டது, உதடு மாற ஆரம்பித்துவிட்டது. கையை உயர்த்தினார். "அவ சொல்றதுதான்" என்றார். இருபத்தாறு வருடத்தில் ஊர் முன்னால் என் பக்கம் பேசியது இதுதான் முதல் தடவை. "அணைஞ்சே இருக்கட்டும்."

சுத்தியலை எடுத்தேன். காற்று அடிக்காத பக்கத்து ஜன்னல்களில் இரண்டு ஒட்டுப்பலகையை நானே உடைத்தேன். மழை உள்ளே வந்தது, காற்று வந்தது, பிள்ளைகள் எழுந்து அழுதன. அழட்டும். அழுதால் உயிர் இருக்கிறது.

சிலிண்டரை மிகக் குறைவாகத் திறந்து வைத்து, இவரை என் மார்பில் சாய்த்து உட்கார்ந்தேன். மூன்று மணிக்குச் சிலிண்டர் தீர்ந்தது. அதன்பின் ஒரு மணி நேரம், இவர் மூச்சுக்கு நான் மூச்சு விட்டேன். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. அவ்வளவுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குக் காற்று விழுந்தது. மழை மட்டும் கொட்டுகிறது. ஜெனரேட்டரை வெளியே வைக்க வேண்டும், மேலே மூட வேண்டும். ஊரில் ஒரு தகரம் மிச்சமில்லை, தார்ப்பாய் எல்லாம் கடலில். சுற்றிப் பார்த்தேன். ஆமையும் பாய்மரமும் செதுக்கிய முன்கதவு.

"அதக் கழட்டு" என்றேன்.

நெமானி முகம் செத்துவிட்டது. "அண்ணி, அது சர்ச் கதவு. மூணு மாசம்..."

"உன்கிட்ட யாருடா கேட்டா? தௌவு. எடுத்துக்கறேன்."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கீலில் குத்தினேன். சறுக்கியது, மரத்தில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. நெமானி கீறலை விரலால் தடவினான். பிறகு என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "விடுங்க, ஸ்க்ரூ தேஞ்சிடும். நான் கழட்டறேன்."

சர்ச்சிலிருந்து இருபதடி தள்ளி, மேட்டில், இரண்டு பெஞ்சு போட்டு, அதன்மேல் கதவைச் சரித்து வைத்தோம். ஈரம் படாமல் கீழே பலகை. சைலன்சர் வாய் கடலைப் பார்த்து. கையைத் துடைத்துக்கொண்டு எண்ணெய் பார்த்தேன், பெட்ரோல் வால்வைத் திறந்தேன், சோக்கை இழுத்தேன். மூன்றாவது இழுப்பு. நிதானமாக ஓட விட்டு, அதன்பிறகே வயரைச் செருகினேன்.

பச்சை விளக்கு.

இப்போது இதை எழுதும்போது இவர் தூங்குகிறார். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஜனவரி 27, திங்கள்

ஊர்க்கூட்டம். வீடுகள் பேசி, தோட்டங்கள் பேசி, கடைசியில் நான். தௌவுவிடம் கோபப்பட்டேன், அதுவும் சர்ச்சுக்குள். யங்கோனா வேர்க்கட்டு வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் ஊர்த்தலைவர். மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

நெமானி எழுந்தான். "எதுக்கு மன்னிப்பு? அண்ணி கோவப்பட்டாங்களா? நான் பாக்கலயே. எனக்கு அப்ப தலவலி."

எல்லாரும் சிரித்தார்கள். கூட்டம் முடிந்தது. நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு கொஞ்சம் சிரித்தேன்.

பிப்ரவரி 8

இன்றும் வந்தான். "எடுத்துட்டுப் போறேன்" என்றான், கேட்கவில்லை, சொன்னான். முதலில் குச்சியை எடுத்துத் துடைத்துப் பார்த்தான். பெட்ரோலை மோந்து பார்த்தான். சூடு ஆறும்வரை மரத்தடியில் உட்கார்ந்து அபோரோசாவிடம் கதை பேசினான். சுருட்டைத் தூரத்தில் வைத்துவிட்டு வந்தான். போகும்போது, "சரியா டீச்சர்?" என்றான்.

கதவைத் திரும்ப மாட்டிவிட்டான். ஆமைக்குக் குறுக்கே அந்தக் கீறல் அப்படியே இருக்கிறது. இழைத்தால் போய்விடும், இழைக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அபோரோசா போய்விட்டார். காலை பத்து மணி. வெயில்.

மார்ச் 12

எண்ணெய் மேல்கோட்டில் இருந்தது. பெட்ரோல் முக்கால் தொட்டி. ப்ளக் போன வாரம் மாற்றியது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, காற்று வந்துகொண்டிருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. புயலில் உங்களைப் பிடித்து வைத்தேனே, ஒரு மணி நேரம்! இப்போ எதுக்குப் போனீங்க? என்ன குறை வச்சேன்? சொல்லிட்டுப் போயிருக்கலாமே. நல்ல வெயில்ல, எல்லாம் ஓடிட்டிருக்கும்போது...

அணைக்க எனக்குக் கை வரவில்லை. செரு போய் அணைத்தாள்.

மார்ச் 15, சனி

அடக்கம் முடிந்தது. பெட்டி நெமானி செய்தது. கைரம்பத்தால் அறுத்தான், இரண்டு நாள். ஜெனரேட்டர் மேடையில் சும்மா இருந்தது, வந்து எடுக்கவில்லை. சாவு வீட்டில் தௌவுதான் கேலி பேசி அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும், கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓட வேண்டும். அவன் ஒரு பாயைக்கூடத் தொடவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

இனோக்கே, "ஊருக்கு வந்துடு அக்கா" என்கிறான். இரண்டு வாரத்தில் படகு வரும்போது என்னையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னான். சரி என்றேன். பிள்ளைகள் இல்லை. இங்கே எனக்கு என்ன?

மார்ச் 27, வியாழன்

நெமானி வந்தான். வாசலுக்கு வெளியே, புல்லில், சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"அண்ணி, பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்யணும். ஜெனரேட்டர... ஒரு நாளைக்கு எடுத்துக்கலாமா?"

கேட்டான்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! புயலன்றைக்குக்கூட அப்படி வரவில்லை. "என்னடா கேக்கறே? எப்பலேர்ந்துடா கேக்கற வழக்கம்? நான் யாரு, வேத்தாளா? அவரு போனா இந்த வீடு உனக்கு அந்நியமா? கேக்கறானாம், கேக்கறான்! போடா! கேட்டா தர மாட்டேன்!"

எழுந்து போய்விட்டான், வெறுங்கையோடு. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இரண்டு வாரமாக வராத அழுகை.

மார்ச் 28, வெள்ளி

துணி அலசிவிட்டு வந்தேன். மேடை காலி. ஜெனரேட்டர் இருந்த இடத்தில் ஒரு பூசணிக்காய். அபோரோசாவின் தொப்பியை அதன் தலையில் வைத்திருக்கிறான்.

தொப்பியை எடுத்து உள்ளே மாட்டினேன். பூசணிக்காயைப் பாதி கறி வைத்தேன், மீதியைச் செருவுக்குக் கொடுத்தேன். இனோக்கேக்குப் போன் செய்து படகில் எனக்கு இடம் வேண்டாம் என்றேன். ஏன் என்றான். ஜெனரேட்டர் இங்கே இல்லை, யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்றேன்.

சாயங்காலம் கொண்டுவந்து வைத்தான். எண்ணெய் மேல்கோட்டில். நல்ல பெட்ரோல். ப்ளக் துடைத்திருக்கிறான். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இருந்தாலும் வாசலில் நிறுத்தி வைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, வாய் நிறையத் திட்டினேன்.